ஒப்பந்தத்தில் வரும் நிபந்தனைகளும் ஷரத்துகளும்: மீறினால் என்ன ஆகும்?

ஒப்பந்தத்தில் எந்த வரியைப் படித்தாலும் மனதுக்குள் ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்: இதில் சொன்னபடி நடக்காவிட்டால் என்ன ஆகும்? சில வரிகளை ஒருவர் மீறினால் மற்றவர் ஒப்பந்தத்தையே முடித்துக்கொண்டு போய்விடலாம். சிலவற்றை மீறினால் நஷ்டஈடு மட்டும்தான், ஒப்பந்தம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். இன்னும் சில வரிகளை யாரும் மீறவே முடியாது, ஏனென்றால் அவை யாருடைய வாக்குறுதியும் இல்லை. அந்தச் சம்பவம் நடந்தால்தான் மற்ற கடமைகள் தொடங்கும், நடக்காவிட்டால் யார் மேலும் குற்றமில்லை. மூன்றும் ஒரே எழுத்தில், ஒரே அளவில், ஒன்றின் கீழ் ஒன்றாக அச்சாகியிருப்பதால்தான் படிக்கிறவருக்கு எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது.

பேச்சில் ஷரத்து, நிபந்தனை, விதிமுறை, கண்டிஷன் என்று எதையும் எதற்குப் பதிலாகவும் சொல்கிறோம். பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு படிக்கும்போது மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட எதுவானாலும் அது ஷரத்துதான்: தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், யார் செலவு, தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம், எல்லாமே. அந்த ஷரத்துகளில் சட்டம் அதிக கனம் கொடுக்கும் ஒரு வகைக்குத்தான் நிபந்தனை என்று பெயர். இதே சொல்லுக்கு ஒப்பந்தச் சட்டத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்தக் கனம் எப்படி முடிவாகிறது என்று பார்ப்போம்.

இரண்டு பாடகர்கள்

1876-இல் இங்கிலாந்தில் இரண்டு வழக்குகளில் தீர்ப்பு வந்தது, இரண்டுமே மேடையில் பாடுகிறவர்கள் பற்றியது. சட்டக் கல்லூரியில் இன்றைக்கும் இந்த இரண்டையும் ஜோடியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

முதல் வழக்கில், ஒரு பாடகி இசை நாடகத்தில் தலைமைப் பாத்திரத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார். தொடக்க நாளுக்குச் சற்று முன்னால் உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. முதல் நாள் காட்சிக்கும் அதையடுத்த சில காட்சிகளுக்கும் வர முடியவில்லை. தயாரிப்பாளர்கள் வேறொரு பாடகியை அமர்த்திவிட்டார்கள். இவர் குணமாகித் திரும்பி வந்தபோது, இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வழக்கில் தயாரிப்பாளர்கள் பக்கம்தான் தீர்ப்பு: புதிய நாடகத்தின் முதல் நாளில் தலைமைப் பாத்திரம் மேடையில் இருப்பது அந்த ஒப்பந்தத்தின் ஆணிவேர், அது போனால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு வந்துவிடுகிறது.

இரண்டாவது வழக்கில் ஒரு பாடகர். ஏறக்குறைய மூன்றரை மாதம் பாட வேண்டும், ஒத்திகைக்காக ஆறு நாள் முன்னதாகவே லண்டனுக்கு வந்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம். அவருக்கும் உடம்பு சரியில்லை, ஒத்திகைக்குச் சில நாள் தாமதமாக வந்தார், ஆனால் முதல் நிகழ்ச்சிக்கு முன்பே வந்துவிட்டார். நிர்வாகி அவரை ஏற்க மறுத்தார். இங்கே நீதிமன்றம் பாடகர் பக்கம் நின்றது. மூன்றரை மாத ஒப்பந்தத்தில் சில நாள் ஒத்திகை தவறியது ஆணிவேரைத் தொடவில்லை. அதனால் நஷ்டம் வந்திருந்தால் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், ஒப்பந்தத்தை முறிக்க முடியாது.

இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட தேதியில் வரவில்லை, காரணமும் ஒன்றேதான், உடல்நலக்குறைவு. ஆனால் தவறிய ஷரத்து ஒன்றில் நிபந்தனை, இன்னொன்றில் உத்தரவாதம், ஆங்கிலத்தில் வாரண்டி என்று சொல்கிற அது. (பொருள் வாங்கும்போது தருகிற வாரண்டி அட்டையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தில் இந்தச் சொல் சற்றுத் தாழ்ந்த ஷரத்தைத்தான் குறிக்கிறது, மீறினால் நஷ்டஈடு மட்டும்.)

இங்கிலாந்தின் 1893-ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டம் இந்தப் பிரிவினையை எழுத்தில் கொண்டுவந்தது. அதை ஒட்டி இலங்கையில் 1896-இலும் இந்தியாவில் 1930-இலும் சட்டங்கள் வந்தன. இந்தியச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் படித்தால் விஷயம் நேராகவே இருக்கும்: ஒப்பந்தத்தின் முக்கிய நோக்கத்துக்கு அத்தியாவசியமானது நிபந்தனை, அந்த நோக்கத்தோடு ஒட்டிவருவது உத்தரவாதம். ஆங்கிலேய மரபு இல்லாத நாடுகளில் இதே பெயர்களில் இந்தப் பிரிவினை இருக்காது, ஆனாலும் மீறல் எவ்வளவு பெரியது என்ற கேள்வி அங்கேயும் உண்டு.

நிபந்தனை என்றால் எவ்வளவு கறார்? 1933-இல் பிரபுக்கள் சபை (அன்றைக்கு பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் அதுதான்) வரை போன ஒரு மரக்கட்டை வழக்கைச் சொல்லலாம். பீப்பாய் செய்வதற்கான பலகைகள் அரை அங்குல கனத்தில் வேண்டும் என்று ஒப்பந்தம். வந்து இறங்கியவற்றில் பெரும்பாலானவை அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், பதினாறில் ஒன்பது பங்கு அங்குலத்துக்குள். பீப்பாய் செய்ய அது தாராளமாகப் போதும். ஆனாலும் வாங்கியவர் சரக்கு மொத்தத்தையும் வேண்டாம் என்று மறுக்கலாம் என்றுதான் தீர்ப்பு, ஏனென்றால் சொன்ன விவரப்படி சரக்கு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அரை அங்குலம் என்றால் சுமாராக அரை அங்குலம் என்று அர்த்தமில்லை என்றார்கள். சந்தையில் விலை இறங்கிவிட்டதால்தான் வாங்கியவர் கழன்றுகொள்ளப் பார்த்தார், நீதிபதிகளுக்கும் அது தெரிந்தே இருந்தது. வியாபாரிகளுக்கு இடையேயான விற்பனையில் இப்படி அற்பக் காரணத்துக்குச் சரக்கைத் திருப்புவதைக் கட்டுப்படுத்த, பிரிட்டனில் 1994-இல் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று.

பெயர் வைத்தால் மட்டும் போதாது

சரி, அப்படியானால் பத்திரம் எழுதுகிறவர் ஒவ்வொரு வரிக்கும் 'இது நிபந்தனை' என்று முத்திரை குத்திவிட்டால் வேலை முடிந்ததா? முடியவில்லை. 1973-இல் பிரபுக்கள் சபையில் முடிந்த ஒரு வழக்கில், விற்பனை முகவராக இருந்த நிறுவனம் ஆறு பெரிய கார் கம்பெனிகளையும் வாரம் ஒரு தடவை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அந்த ஷரத்தை மட்டும் 'இது இந்த ஒப்பந்தத்தின் நிபந்தனை' என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தார்கள். ஒப்பந்தக் காலம் நாலரை வருடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆயிரத்து நானூறு சந்திப்புக்கு மேல் வரும். அதில் ஒன்று தவறினாலும் மொத்த ஒப்பந்தமும் போய்விடுமா? போகாது என்றார்கள் நீதிபதிகள். விளைவு எந்த அளவுக்கு அநியாயமாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு இரு தரப்பும் அதை உத்தேசித்திருக்க வாய்ப்புக் குறைவு. அப்படித்தான் உத்தேசித்தார்கள் என்றால் அதைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

எனக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் பிடித்தது, ஏனென்றால் எழுதும் விதத்தைப் பற்றி இது ஒரு நல்ல பாடம் சொல்கிறது. 'நிபந்தனை' என்ற ஒற்றைச் சொல்லை நம்பாமல், 'இது தவறினால் மறு தரப்பு உடனே ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்' என்று விளைவையே எழுதிவிட்டால் பிற்பாடு வாதாட இடம் குறைவு. நீங்கள் கையெழுத்துப் போடும் இடத்தில் இருந்தால், விளைவு எழுதியிருக்கும் வரிகளைத்தான் முதலில் தேட வேண்டும்.

பல ஷரத்துகள் இந்த இரண்டு பெட்டியிலும் அடங்காது. 1961-இல் தீர்ப்பான ஒரு கப்பல் வழக்கில் 24 மாத வாடகைக்குக் கப்பல் எடுத்திருந்தார்கள், கப்பல் எல்லா விதத்திலும் தகுதியாக இருக்கும் என்று ஷரத்து. இன்ஜினோ பழையது, அதைப் பார்த்துக்கொள்ள வந்த ஆட்களுக்குத் திறமை போதவில்லை, பழுது பார்ப்பதிலேயே ஏறக்குறைய 20 வாரம் போய்விட்டது. வாடகைக்கு எடுத்தவர் ஒப்பந்தத்தை ரத்து செய்தார். நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? ஷரத்து மீறப்பட்டது உண்மைதான், ஆனால் தகுதி என்ற இந்த ஷரத்தில் ஒரு ஆணி இல்லாததும் அடங்கும், கப்பல் மூழ்குகிற அளவு ஓட்டையும் அடங்கும், அதனால் முன்கூட்டியே ஒரு பெயர் வைக்க முடியாது. மீறலால் மறு தரப்புக்குக் கிடைக்க வேண்டியது ஏறக்குறைய முழுவதுமே பறிபோனதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். இன்னும் நிறைய மாதங்கள் மீதி இருந்ததால் அந்த அளவுக்குப் பறிபோகவில்லை. ஆகவே ரத்து செய்தவர்தான் ஒப்பந்தத்தை மீறியவர் ஆனார், நஷ்டஈடும் அவர் தலையில் விழுந்தது.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எதிர் தரப்பு தவறு செய்துவிட்டது என்ற கோபத்தில் 'ஒப்பந்தம் முடிந்தது, இனி உங்களோடு பேச்சில்லை' என்று எழுதி அனுப்புவதற்கு முன்னால், அந்தத் தவறு உங்களுக்கு நஷ்டஈடு உரிமையைத் தருகிறதா, முடித்துக்கொள்ளும் உரிமையையும் தருகிறதா என்று ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். உரிமை இல்லாமல் முடித்தால் நியாயம் இருந்த பக்கமே குற்றவாளிக் கூண்டுக்கு மாறிவிடுகிறது.

நடந்தால்தான் என்கிற நிபந்தனை

இப்போது அந்த இன்னொரு பொருளுக்கு வருவோம். 'வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைத்தால் விற்பனை நடக்கும்' என்று வீடு வாங்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடன் கிடைக்கும் என்று இங்கே யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. கிடைக்காவிட்டால் வாங்குபவர் எதையும் மீறியவர் ஆகமாட்டார், கடமை தொடங்கவே இல்லை, அவ்வளவுதான். இதை முன்நிபந்தனை என்கிறோம். இதற்கு நேர் எதிராக, ஓடிக்கொண்டிருக்கும் கடமையை ஒரு சம்பவம் நிறுத்திவிடுவதும் உண்டு: தேர்வில் தோற்றால் உதவித்தொகை நின்றுவிடும், உரிமம் ரத்தானால் ஒப்பந்தம் முடியும், இந்த மாதிரி.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், இப்படிப்பட்ட வரிகளைப் பெரும்பாலும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கடன் எந்தத் தேதிக்குள் கிடைக்க வேண்டும்? கேட்ட தொகையில் பாதிதான் வங்கி தருகிறது என்றால் அது கிடைத்ததாகுமா? கடனுக்கு விண்ணப்பம் போடாமலேயே வாங்குபவர் சும்மா இருந்துவிட்டால்? கொடுத்த முன்பணம் திரும்புமா? விண்ணப்பமே போடாதவர் 'கடன் கிடைக்கவில்லை' என்று சாக்குச் சொல்வதை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை, தன் தவறைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ள யாரையும் அனுமதிப்பதில்லை. ஆனாலும் அங்கே போய் நிற்பதைவிட இந்த நாலு கேள்விக்கும் பதிலைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது எவ்வளவோ மேல்.

காப்பீட்டில் இந்த முன்நிபந்தனை கடுமையாகக் கடிக்கும். 'சம்பவம் நடந்து இத்தனை நாளுக்குள் தகவல் தர வேண்டும், தந்தால்தான் இழப்பீட்டுக் கடமை உண்டு' என்று எழுதியிருந்தால், தகவல் தருவது வெறும் சம்பிரதாயம் இல்லை, பணம் வருவதற்கான வாசலே அதுதான். பாலிசியில் எத்தனை பக்கம் இருந்தாலும் இந்த ஒரு பகுதியையாவது பாலிசி கைக்கு வந்த அன்றே படித்துவிடுங்கள், ஏனென்றால் விபத்து நடந்த வாரத்தில் யாருக்கும் பத்திரம் படிக்கும் மனநிலை இருக்காது.

ஒரு வாக்கியத்தை எடுத்துப் பிரிப்போம்

வாடகை ஒப்பந்தங்களில் வருகிற பாணியில் ஒரு ஷரத்து: 'வாடகைதாரர் தொடர்ந்து இரண்டு மாத வாடகையைப் பாக்கி வைக்கும் பட்சத்தில், உரிமையாளர் எழுத்து மூலம் 30 நாள் அவகாசம் கொடுத்து இந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்.'

முதலில் 'தொடர்ந்து'. இந்த மாதம் ஒன்று, நாலு மாதம் கழித்து ஒன்று என்று பாக்கி விழுந்தால் ஷரத்து கிளம்பாது. அப்புறம் 'பாக்கி வைக்கும்'. பாதி வாடகை கொடுத்திருந்தால் அந்த மாதம் பாக்கி மாதமா? வாக்கியம் வாய் திறக்கவில்லை, சண்டை வந்தால் இங்கேதான் வரும். 'எழுத்து மூலம்' என்றால் போனில் சொன்னது கணக்கில் வராது, வாட்ஸ்அப் வருமா என்பது பத்திரத்தின் வேறொரு மூலையில் நோட்டீஸ் எப்படி அனுப்ப வேண்டும் என்று எழுதியிருக்கும் ஷரத்தைப் பொறுத்தது. '30 நாள் அவகாசம்' எந்த நாளிலிருந்து, அனுப்பிய நாளா கையில் கிடைத்த நாளா? அந்த 30 நாளுக்குள் பாக்கியைக் கட்டிவிட்டால் ஷரத்து அடங்கிவிடுமா? அதுவும் எழுதப்படவில்லை. கடைசியாக 'முடித்துக்கொள்ளலாம்'. இந்த 'லாம்' உரிமையாளருக்கு ஒரு தேர்வைக் கொடுக்கிறது, கட்டாயம் ஏதுமில்லை. இதே இடத்தில் 'ஒப்பந்தம் முடிவுக்கு வரும்' என்று இருந்தால் யாரும் எதுவும் செய்யாமலேயே கதை முடிந்துவிடும். 'வேண்டும்', 'லாம்', 'வரும்' மூன்றுக்கும் பத்திரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஒப்பந்தத்துக்குள் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் சொற்கள் இன்னும் சில உண்டு. 'எது எவ்வாறிருப்பினும்' என்று தொடங்கும் ஷரத்து மற்ற ஷரத்துகளை அமுக்கிவிடும். 'அதற்கு உட்பட்டு' என்று வந்தால் அந்த ஷரத்து வேறொன்றுக்கு அடங்கிப் போகும். 'தன் விருப்பப்படி' என்று இருந்தால் காரணம் கேட்க முடியாத நிலைக்கு உங்களைக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். 'காலமே ஒப்பந்தத்தின் சாரம்' என்ற வரி தேதியை நிபந்தனையாகவே உயர்த்திவிடுகிறது, ஒரு நாள் தாமதம்கூட அப்போது முறிக்கும் காரணமாகலாம்.

எழுதாததும் எழுதியதும்

பத்திரத்தில் இல்லாத ஷரத்துகளும் ஒப்பந்தத்தில் இருக்கலாம். 1889-இல் தீர்ப்பான ஒரு வழக்கில், தேம்ஸ் நதிக்கரையில் ஒரு துறையில் கப்பலை நிறுத்திச் சரக்கு இறக்க ஒப்பந்தம் போட்டார்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் கப்பல் அடித்தரையில் உட்கார்ந்து சேதமாகிவிட்டது. அடித்தரை கப்பலைத் தாங்கும் என்று எங்கேயும் எழுதவில்லை. ஆனாலும் அப்படி நிறுத்தினால் கப்பல் தரைதட்டும் என்பது இரு தரப்புக்கும் தெரியும், அது இல்லாமல் ஒப்பந்தத்துக்கே பொருளில்லை என்பதால், துறைக்காரர் அந்த விஷயத்தில் நியாயமான கவனம் எடுத்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஷரத்தைச் சேர்த்துப் படித்தது. சரக்கு விற்பனைச் சட்டங்களும் இதையே செய்கின்றன: விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்க வேண்டும், சொன்ன விவரத்துக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்பவை நீங்கள் எழுதாவிட்டாலும் நிபந்தனைகள்.

எழுதியதைப் படிக்கவில்லை என்பது மட்டும் அநேகமாக எடுபடாது. 1934-இல் ஒரு பெண்மணி சிகரெட் விற்கும் இயந்திரம் வாங்கினார், அது சரியாக வேலை செய்யவில்லை. அவர் கையெழுத்துப் போட்ட படிவத்தில் பொடி எழுத்தில் எல்லா உத்தரவாதங்களையும் விலக்கும் ஒரு ஷரத்து இருந்தது. மோசடியோ திரித்துச் சொல்வதோ இல்லாதபோது, கையெழுத்துப் போட்டவரை அது கட்டுப்படுத்தும், படித்தாரா இல்லையா என்பது பொருட்டில்லை என்று தீர்ப்பானது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்கள் இன்றைக்குப் பல நாடுகளில் இதன் கூர்மையை மழுக்கியிருக்கின்றன, ஆனால் அடிப்படை விதி அப்படியேதான் நிற்கிறது.

கையெழுத்தே இல்லாத இடத்தில் கேள்வி வேறு: ஷரத்தை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவந்தார்களா, அதுவும் ஒப்பந்தம் முடிவாவதற்கு முன்னால்? 1970-இல் தீர்ப்பான ஒரு வழக்கு, கார் நிறுத்தும் இடத்தில் காயம்பட்ட ஒருவர் போட்டது. சீட்டு தந்தது இயந்திரம், பொறுப்பை விலக்கும் நிபந்தனைகள் உள்ளே ஒரு பலகையில். வண்டி உள்ளே வந்து சீட்டும் வெளியே வந்த பிறகு காட்டுகிற நிபந்தனை செல்லாது என்றார்கள், இயந்திரத்தோடு யாரும் பேரம் பேச முடியாதே. இணையத்திலும் இதே தர்க்கம் வேலை செய்கிறது. 2002-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று நெட்ஸ்கேப் மென்பொருள் வழக்கில், டவுன்லோட் பொத்தானைத் தாண்டிக் கீழே உருட்டினால்தான் தெரியும் விதிமுறைகள் பயனரைக் கட்டுப்படுத்தாது என்றது. 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் நீங்களே டிக் செய்தால் நிலைமை மாறிவிடும், அது கையெழுத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

மீறினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே எழுதும் ஷரத்தைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடும் என்று எழுதியவரும் நினைக்க வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74-இன்படி, எழுதிய தொகை ஓர் உச்சவரம்பு, அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். பிரிட்டனில் 2015-இல் உச்ச நீதிமன்றம், காக்க வேண்டிய நியாயமான நலனுக்குச் சற்றும் பொருந்தாத அளவு பெரிய தொகைதான் தண்டனையாகிச் செல்லாமல் போகும் என்று வேறு அளவுகோல் வைத்தது.

பத்திரத்தில் ஒரு ஷரத்து உங்களுக்குச் சரிப்படவில்லை என்றால், வாய்வழியாக 'அதெல்லாம் சும்மா, நாங்கள் அதை அமல்படுத்துவதில்லை' என்று சொல்வதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். 'இந்தப் பத்திரத்தில் உள்ளதே முழு ஒப்பந்தம்' என்ற வரி எங்கேயாவது கடைசிப் பக்கத்தில் இருக்கும், அது இருந்தால் அந்த வாய்வார்த்தைக்கு மதிப்பு ரொம்பக் குறைந்துவிடும். அமல்படுத்துவதில்லை என்றால் அடித்துவிட வேண்டியதுதானே? அந்த வரியைக் கோடு போட்டு அடித்து, மாற்றியதைப் பக்கத்தில் எழுதி, இரு தரப்பும் அந்த இடத்திலேயே சுருக்கொப்பம் போட்டு, உங்களிடம் இருக்கும் பிரதியிலும் அதே திருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். 'இணைப்பு அ', 'இணைப்பு ஆ' என்று பத்திரம் எதையாவது குறிப்பிட்டால் அவற்றையும் கேட்டு வாங்கிப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்; அவையும் ஒப்பந்தத்தின் பகுதி என்று ஒரு வரி அநேகமாக இருக்கும், தொகையும் அளவும் காலக்கெடுவும் பல சமயம் அந்தத் தாள்களில்தான் இருக்கின்றன.